சுண்ணாம்பு மலையைத் தேய்க்கலாம், பால்மரத்தை வேண்டாம்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்று காலைப் பனியில் நிற்கும் சுண்ணாம்பு மலை. மற்றொன்று உங்கள் அம்மா பால் வெட்டிய ரப்பர் தீம்பார். இன்று அங்கே செம்பனை நிற்கிறது, நீங்கள் நினைவிலிருந்து வரைந்திருக்கிறீர்கள். மலை நன்றாக வந்திருக்கிறது. மரங்கள் சேறாகிவிட்டன. எந்தத் தேய்ப்புக் கருவியை வாங்கினால் இது சரியாகும் என்று கேட்கிறீர்கள். எதையும் வாங்க வேண்டாம். மலைப்படத்தில் உங்களுக்குக் கைகொடுத்த அதே தேய்ப்புதான் மரப்படத்தைக் கெடுத்தது.

முதலில் கையில் இருப்பது எந்தப் பேஸ்டல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளின் பைகளில் இருப்பது எண்ணெய் பேஸ்டல். புஞ்சோ பெட்டிகளை நீங்கள் எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். 1925-ல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் கொண்டுவந்த வகை அது. மெழுகும் எண்ணெயும் கலந்தது, முழுதாகக் காய்வதே இல்லை, நம் வெயிலுக்கு இன்னும் இளகும். அதற்குத் தாள்குச்சியும் பஞ்சும் வீண். விரல் போதும், அல்லது காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு பேபி ஆயில். நீங்கள் வாங்கியிருப்பதோ மென் பேஸ்டல், உலர்ந்தது. நிறப்பொடி, சுண்ணாம்புத் தூள், ஒட்டுவதற்குச் சிறிது பிசின். இரண்டின் விதிகளும் வேறு. காணொளிகளில் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள், அதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

அந்தச் சுண்ணாம்புத் தூள் கால்சியம் கார்பனேட். சிம்பாங் பூலாய் பக்கம் மலையை வெட்டி அரைத்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்களே, அதே பொருள்தான். நீங்கள் மலையை வரைவது மலையின் தூளால்.

தேய்க்கும்போது தாளில் என்ன நடக்கிறது? பேஸ்டல் தாளுக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, அதைத் தாளின் பல் என்பார்கள். குச்சியை இழுத்தால் மேடுகளில் பொடி ஒட்டும், பள்ளங்களில் தாளின் நிறம் எட்டிப் பார்க்கும். பொடியின் துகள்கள் பல திசைகளில் நிற்பதால் ஒளி சிதறித் திரும்புகிறது. பேஸ்டலின் பளிச்சிடும் நிறம் அதனால்தான். தேய்த்தால் பொடி பள்ளங்களுக்குள் இறங்கிவிடும், துகள்கள் அமுங்கிவிடும், நிறம் ஒரு படி மங்கும். அதோடு தாளின் பல் அடைபடுவதால் அடுத்த அடுக்கு ஒட்டாமல் வழுக்கும். உங்கள் மரப்படத்தில் மூன்றாவது முறை பூசிய பழுப்பு தாளில் நிற்காமல் உதிர்ந்ததாக எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான்.

உங்கள் பெட்டியில் வந்திருக்கும் கருவிகளைப் பார்ப்போம். தாள்குச்சிகளில் இரு முனையும் கூராக, கெட்டியாக இருப்பது ஸ்டம்ப். ஒரு முனை மட்டும் கூராக, உள்ளே குழலாகச் சுருட்டியிருப்பது டார்ட்டிலான். இவை கரிக்கும் பென்சிலுக்கும்தான் சிறப்பாக ஒத்துவரும். மென் பேஸ்டல் தடிமனாக இருக்கும் இடத்தில் ஓட்டினால் கலப்பதை விடப் பொடியைச் சுரண்டி எடுப்பதே அதிகம். கண்ணிமை, தூரத்துக் கூரை விளிம்பு போன்ற சின்ன இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முனை அழுக்கானால் மணல்தாளில் உரசலாம். டார்ட்டிலானின் முனை உள்ளே அமுங்கிவிட்டால் பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் தள்ளுங்கள். சிலிகோன் முனை வைத்த குச்சி நிறத்தை உறிஞ்சாது, விளிம்பைச் சீர் செய்ய உதவும். ஆனால் விலைக்கு ஏற்ற வேலை அதில் இல்லை என்பது என் எண்ணம். சாமோய் தோலும் டிஷ்யூவும் கலப்பதை விட அழிப்பதில் கெட்டி. முதல் அடுக்கை லேசான சாயலாக்கிவிட்டு மேலே வரைய நினைத்தால் அதுவே நல்லது.

அகலமான வானத்துக்கும் பனிக்கும் நுரைப் பஞ்சைப் போல எதுவும் இல்லை. முகப்பூச்சுப் பஞ்சு மலிவுக் கடையில் கிடைக்கும். குளிர்சாதனக் குழாயில் சுற்றுகிற நுரைக்குழல் ஒரு துண்டு கிடைத்தால் அதையும் முயலலாம். முதலில் வெள்ளைத்தாளில் உரசிப் பாருங்கள், கறுப்பு இறங்கினால் தூக்கிப் போடுங்கள். ஒரு பஞ்சு வெளிர் நிறங்களுக்கு, இன்னொன்று அடர் நிறங்களுக்கு, மூன்றாவது பச்சைகளுக்கு என்று பிரித்து வைப்பது அவசியம். மஞ்சளைத் தேய்த்த பஞ்சோடு ஊதாவுக்குப் போனால் சாம்பல்தான் மிஞ்சும். பஞ்சால் தேய்க்கும்போது வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள்.

விரலைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அழுத்தத்தை விரல் உணர்வதுபோல எந்தக் குச்சியும் உணராது. ஆனால் ஈப்போவில் மதியம் மழை கட்டி நிற்கும் நேரத்தில் யாருடைய விரல் உலர்ந்திருக்கிறது? வேர்வை பட்ட இடத்தில் பொடி களியாகி, கறையாகக் காய்ந்துவிடும். காலையில் வரையுங்கள், அல்லது மெல்லிய நைட்ரைல் கையுறை போடுங்கள். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. (நைட்ரைல் பெட்ரோலியத்திலிருந்து வருவது. உங்கள் அம்மா வெட்டிய பாலுக்கும் அதற்கும் உறவில்லை.) குச்சியின் பெயரில் காட்மியம் என்று இருந்தால் வெறும் விரலே கூடாது. மணல்தாள் போன்ற மேற்பரப்புள்ள பேஸ்டல் தாளிலும் விரலை ஓட்டாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

தேய்ப்பதா வேண்டாமா என்பது பேஸ்டலில் பழைய வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெனீவாக்காரர் லியோத்தார் கண்ணாடிபோல வழுவழுப்பாக வரைந்தார். சாக்லேட் கோப்பையைத் தட்டில் ஏந்தி வரும் பணிப்பெண்ணின் படம், அவர் தோல்தாளில் தீட்டிய பேஸ்டல், இன்று டிரெஸ்டனில் இருக்கிறது. கைத்தடம் வெளியே தெரிவதே தவறு என்று அவர் 1781-ல் நூலாகவும் எழுதினார். நூறு ஆண்டு கழித்து வந்த பிரெஞ்சு ஓவியர் தெகா அதற்கு நேர் எதிர். கோட்டின்மேல் கோடு, அடுக்கின்மேல் அடுக்கு. கீழ்நிறம் மேல்நிறத்தின் இடைவெளிகளில் மினுங்கும். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் தேடினால் ஜோகன் சௌத்ரி இருக்கிறார். வங்காளி, 1939-ல் பிறந்தவர். 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துறையில் துணி வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். மையால் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்டு அதோடு உலர்ந்த பேஸ்டலைச் சேர்ப்பது அவர் வழி. அந்த உடல்களின் சதை தொய்ந்து கனப்பதெல்லாம் கோடுகளின் நெருக்கத்தால். நான் தெகா பக்கம், சௌத்ரி பக்கம். லியோத்தாரை மதிக்கிறேன், அவரைப்போல வரைய ஆசையில்லை.

ஆனாலும் உங்கள் மலைக்குக் கொஞ்சம் லியோத்தார் தேவைதான். குனோங் சீரோவில் கல்லுமலைக் கோயில் வாசலில் நின்று மேலே பாருங்கள். உச்சி விளிம்பு கூர்மை. பாறையில் மேலிருந்து கீழாகக் கறுத்த நீர்த்தடங்கள், இரும்புக் கறையின் ஆரஞ்சு, பாறை பெயர்ந்த இடத்தில் புது வெள்ளை. அவை எல்லாம் குச்சியின் நேரடிக் கோடுகளாக நிற்கட்டும். பனி கிடக்கும் அடிவாரத்தில் மட்டும் நுரைப்பஞ்சில் வெளிர் நீலச்சாம்பலை எடுத்துக் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவுங்கள். மலை தரையிலிருந்து விலகி நிற்கும். நீங்கள் தெரியாமலே இதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

பால்மரத்தில் பனி இல்லை. அதன் பட்டை பழுப்பும் இல்லை. சாம்பல், அதில் வெளுத்த பூஞ்சைத் திட்டுகள், வெட்டுப்பட்டை ஆறிய இடத்தில் இளஞ்சிவப்பு கலந்த மண்நிறம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் சிறு கோடுகளாக வையுங்கள். கலக்கிற வேலையைப் பார்ப்பவர் கண் செய்துகொள்ளும். உளி இறங்கிய சாய்கோடு கடினமான பேஸ்டலின் முனையால் ஒரே இழுப்பாக இருக்கட்டும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து. உங்கள் படத்தில் அது மறுபுறம் சாய்கிறது. அம்மாவின் கை எப்படிப் போனது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மங்குக் கிண்ணத்தின் உள்ளே பாலின் வெள்ளை கடைசியாக அழுத்தி வைக்கும் ஒரே புள்ளி, அதைத் தொடவே கூடாது. தேய்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: வரிசைகளுக்கு நடுவே ஆழத்தில் போகும் இருட்டு. அதையும் முதல் அடுக்கிலேயே, கடினமான பேஸ்டலைக் கொண்டு முடித்துவிடுங்கள். மேலே வரும் அடுக்குகளைத் தொடாதீர்கள்.

பிழையைத் திருத்தப் பள்ளி அழிரப்பரை எடுக்காதீர்கள், அது தாளின் பல்லை நசுக்கிவிடும். 1770-லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி பென்சில் கோட்டை ரப்பர் அழிப்பதைக் குறித்து வைத்தார். ரப்பர் மரம் கோலகங்சாருக்கு வந்ததோ 1877-ல்தான். பேஸ்டலுக்கு வேண்டியது களிமண்போலப் பிசையும் அழிப்பான். அழுத்தி எடுத்தால் பொடி அதோடு வந்துவிடும். குச்சிகள் ஒன்றோடொன்று உரசி அழுக்கானால் ஒரு டப்பாவில் பச்சரிசியோடு போட்டு மெல்ல உருட்டுங்கள், சுத்தமாகிவிடும். அந்த அரிசியைச் சோற்றுக்குப் போடாதீர்கள்.

பொடியை வாயால் ஊதவே கூடாது. பலகையைச் சற்றே முன்சாய்த்து வைத்து, கீழே அலுமினியத் தாளை மடித்து வாய்க்காலாக விடுங்கள், பொடி அதில் சேரும். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஈரத்தில் பிசினும் தாளும் பூஞ்சைக்கு விருந்து. குளியலறைச் சுவரிலும் மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம்.

மரங்களைப் புதுத்தாளில் தொடங்குங்கள். பழைய தாளின் பல் போய்விட்டது, அதை மீட்க முடியாது. கான்சன் மி-தாந்த் தாள் என்றால் ஒரு பக்கம் தேன்கூடு அச்சு அழுத்தமாக இருக்கும், மறுபக்கம் மென்மையானது. மரத்துக்கு மென்மையான பக்கத்தை முயலுங்கள். முடிந்ததும் படத்தின் பின்னால் தாளின் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். படம் பிடிக்கும்போது மின்விளக்கு வேண்டாம், சன்னல் ஓரத்தில் வைத்து எடுங்கள். போன தடவை பச்சைகள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து