தேயிலைக் கவாத்து இதற்கு ஆகாது

பர்லியாரில் இருந்துகொண்டு ஊட்டியின் ஹைட்ரேஞ்சியாப் பூவுக்கு ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு, தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் கத்தி பிடித்த கிழவன் சொல்வது.

1. முதலில் உயரத்தைப் பாருங்கள். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி, குன்னூர் 6,000 அடி. நம் ஊர் 2,500 அடிதான். 1871-இல் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இங்கே வந்த பிறகு ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானும் செழித்ததற்கு இந்தக் கதகதப்புதான் காரணம். மலை ஹைட்ரேஞ்சியாவோ ஜப்பான், கொரிய மலைக்காட்டுச் செடி. சில வாரம் குளிர் பட்டால்தான் மொட்டுக் கட்டும். இங்கே இலை தழைக்கும், பூதான் முரண்டு பிடிக்கும். இதை ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

2. உருண்டைக் கொண்டையாகப் பூப்பது ஒரு வகை. மலை ஹைட்ரேஞ்சியா தட்டையாகப் பூக்கும்: நடுவில் பொடிப்பொடியாகப் பூ, ஓரத்தில் நாலைந்து பெரிய பூ. இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் புல்லிதான். கொத்தோடு நிற்கும் செடியை நர்சரியில் வாங்காதீர்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததும் பூ தொங்கிவிடும். பூவில்லாத செடியே போதும்.

3. தரையில் வேண்டாம், தொட்டியில் வையுங்கள். காலை வெயில் மட்டும் விழும் கிழக்குத் திண்ணை நல்லது. பாதி மண், மீதி இலைமக்கும் தொழு உரமும். மதியம் இலை துவண்டால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயங்காலம் தானே நிமிரும். நிமிராவிட்டால் ஊற்றுங்கள்.

4. இதைக் கவனமாகக் கேளுங்கள். தேயிலையைக் கவாத்து செய்து பழகிய கை எனக்கு. என் முதல் செடியை ஒரு டிசம்பரில் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டினேன். அடுத்த வருடம் பூவே இல்லை. அதற்கடுத்த வருடமும் வெட்டினேன், அப்போதும் இல்லை. செடி மலடு என்று திட்டினேன். பிறகுதான் புரிந்தது: வரும் வருடத்துப் பூவுக்கான மொட்டு பழைய குச்சியின் நுனியில் முன்பே உட்கார்ந்திருக்கும். கொழுந்துக்காக வெட்டுவது தேயிலையை. இங்கே வெட்டினால் பூவே போய்விடும். பூ வாடியதும் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு நறுக்குங்கள், காய்ந்த குச்சியை அடியோடு எடுங்கள். அதற்குமேல் கத்தி வேண்டாம்.

5. நீலமா, இளஞ்சிவப்பா? அது மண் சொல்வது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். தேயிலைக்குப் பிடித்ததும் அதே புளிப்பு மண்தான்; அதனால்தான் மலைமேல் பல இடத்தில் நீலமாகப் பார்க்கிறோம். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இளஞ்சிவப்பாகும். வெள்ளை வகையை நீலமாக்க யாராலும் முடியாது. நீலம் வேண்டுமானால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் படிகாரம் கரைத்து, மொட்டு விடும் முன் மாதம் ஒருமுறை ஈர மண்ணில் ஊற்றுங்கள். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் வேர் கருகும். எலும்புத்தூள் வேண்டாம், அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைக் கட்டிப்போடும். சிமெண்டுச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், சுண்ணாம்பு கசியும்.

6. இலையிலும் மொட்டிலும் விஷச்சத்து உண்டு. ஆடு, நாய், தவழும் குழந்தை எதுவும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் இதன் ஒரு வகை இலையைப் பதப்படுத்தி இனிப்புத் தேநீர் போடுவார்கள், புத்தர் பிறந்தநாளில் அதைச் சிலைக்கு ஊற்றுவார்கள். அந்த வகை வேறு, பக்குவம் வேறு. நம் வீட்டுச் செடியில் சோதனை செய்யாதீர்கள். குரங்குக்கு என்ன சொல்லி என்ன. அது தொட்டியையே உருட்டும்.

7. குளிரை இங்கே வரவழைக்க முடியாது, தொட்டியைக் குளிருக்கு அனுப்பலாம். நவம்பரில் என் தொட்டியைக் குன்னூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். பிப்ரவரியில் திரும்பும். நடத்துநர் ஒவ்வொரு வருடமும் சிரிப்பார். போன முறை மூன்று கொத்து பூத்தது, மூன்றும் நீலம். குன்னூரில் உறவு இல்லாதவர்கள் ஜாதிக்காய் நடுங்கள்.