தனி ஆள் கடையும் தீபாவளி வியாபாரமும்



ஆயுத பூஜைப் பொரி, கடலை வியாபாரம் முடிந்தால் ஏறக்குறைய இருபது நாளில் தீபாவளி வந்துவிடுகிறது. பின்னால் கார்த்திகை, அதன் பின் பொங்கல். தை பிறக்கும் வரை மளிகைக் கடைக்காரருக்கு ஓய்வில்லை. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் இந்தப் பாரம் நான்காகப் பிரியும். சரக்கு எடுப்பதும், நிறுப்பதும், பொட்டலம் கட்டுவதும், கல்லாவைப் பார்ப்பதும், பற்று எழுதுவதும் ஒருவரே என்றிருக்கும் கடைகள் நம்மிடையே ஏராளம். கணவருக்குப் பின் கடையைத் தனியாகத் தாங்கி நிற்கும் சகோதரிகளும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தருகிறது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த திருத்தம், ஊழியர் உட்கார இருக்கையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் தனி ஆளாகக் கடை நடத்தும் முதலாளிக்கு விடுமுறையோ நாற்காலியோ தர எந்தச் சட்டமும் இல்லை. அதை அவரே தமக்குத் தந்துகொண்டால்தான் உண்டு.

களைப்பின் கணக்கு

களைப்பு உடம்போடு நிற்பதில்லை, கல்லாவுக்கும் வரும். கூட்டத்தில் ஒருவர், "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்தவருக்கு நிறுத்துக் கொடுப்பதற்குள் அது மறந்துவிடும். இன்னொருவர் கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டதாகத் திரையைக் காட்டுவார். பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க நேரமிருக்காது. நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கும் சரக்கில் 500 ரூபாய் பற்று எழுதாமல் விட்டுப்போனால், அதை மீட்க 10,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். பாதி நாள் நின்று உழைத்தது ஒரு வரி எழுதாததில் போய்விடும்.

முடிவை முன்பே எடுங்கள்

நிறுப்பதும் கட்டுவதும் கைக்குப் பழகிய வேலை. அதைவிட மனத்தை அதிகமாக அலுக்க வைப்பது, நாள் முழுவதும் முடிவெடுத்துக்கொண்டே இருப்பதுதான். இன்னொரு மூட்டை மைதா எடுக்கலாமா? இவருக்குக் கடன் கொடுக்கலாமா? பக்கத்துத் தெருவில் எண்ணெய் விலையைக் குறைத்துவிட்டார்களாமே, நாமும் குறைக்கலாமா? இரவு பத்து மணிக்குக் களைத்த மனம் இதற்கெல்லாம் சொல்லும் பதில் பெரும்பாலும் நஷ்டத்தில் முடியும். எனவே, சீசன் தொடங்குமுன் முடிவுகளை எழுதி வைத்துவிட வேண்டும். சீசனில் எழுதியபடி நடந்தால் போதும்.

1. கொள்முதல்: சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் பில்களை எடுத்துப் பாருங்கள். எது எத்தனை மூட்டை போயிற்று, எது தங்கியது என்று தெரிந்துவிடும். சர்க்கரை, எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றை முன்பே எடுக்கலாம். ரவை, மைதா, கடலை மாவு ஆகியவற்றில் வண்டு விழும், அளவாக எடுங்கள். ஐப்பசி மழை வேறு. சர்க்கரை, வெல்லம், உப்பு மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களைக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் கட்டி வைத்துவிட்டால் மாலையில் பாதி வேலை குறையும்.

2. கடன்: யார் யாருக்கு எவ்வளவு வரை என்று பெயர் எழுதி, எல்லை குறித்து வையுங்கள். பட்டியலில் இல்லாதவருக்கு, "தீபாவளி கழித்துப் பேசிக்கொள்ளலாம்" என்ற ஒரே பதில் போதும். பற்று நோட்டையும் பேனாவையும் நூலில் கட்டிக் கல்லாவிலேயே தொங்க விடுங்கள். எழுதிய பிறகுதான் சரக்குக் கை மாற வேண்டும்.

3. வரி: ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் இருப்போர் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு வரியை அக்டோபர் 18-க்குள் கட்ட வேண்டும். அடுத்த காலாண்டுக்குக் கெடு ஜனவரி 18, அதாவது பொங்கல் முடிந்த கையோடு. இரண்டு மாதங்களிலும் முதல் வாரத்திலேயே கணக்கை முடித்துவிட்டால் தலைக்கு மேல் ஒரு சுமை குறையும்.

உடம்பு

கல்லா அருகில் ஒரு முக்காலி போட்டு, ஆளில்லாதபோதெல்லாம் உட்காருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டு, வியாபார மும்முரத்தில் சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, பிறகு சாப்பிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, காரணமில்லாத வியர்வை என்றால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. கடை கிடக்கட்டும், 108-ஐ அழையுங்கள். தூக்கமில்லாமல், மனம் தாங்காமல் தவிப்போர் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த கடையும் நாமும்

ஒரே தெருவில் தனி ஆள் கடை இரண்டு இருந்தால், இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். மதியம் அரை மணி நேரம் இவர் சாப்பிடப் போகும்போது அவர் இரண்டு கடையையும் பார்க்கட்டும், பிறகு இவர் பார்க்கட்டும். வியாபாரத்தில் போட்டி இருக்கலாம். சோற்று வேளையில் வேண்டாம்.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. மாலைக் கூட்ட நேரத்தில் வண்டியை அனுப்பி, அந்த ஒரே மனிதரை மூட்டை இறக்க வைக்கக் கூடாது. காலையிலேயே அனுப்புவோம். பாக்கி கேட்டு ஆள் அனுப்புவதைத் தீபாவளிக்கு முந்தின மூன்று நாட்களில் நிறுத்தி வைப்போம். பண்டிகை கழிந்து தருவதாகச் சொன்னவர் தருவார். அவர் கடை நின்றால்தான் நம் கிடங்கும் நடக்கும்.

கடையடைக்கும் நேரம்

பலகாரச் சாமான் வாங்குவோர் சில நாள் முன்பே வாங்கிவிடுகிறார்கள். முந்தின இரவு வருவோர் கேட்பது பெரும்பாலும் நல்லெண்ணெய், சீயக்காய், இட்லிக்கு உளுந்து, மசாலாப் பொட்டலம் போன்றவைதான். அவற்றை முன்னாலேயே எடுத்து வைத்து, "இன்று இரவு 10 மணி வரை" என்று காலையிலேயே சிலேட்டில் எழுதி மாட்டிவிடுங்கள். தெரிந்தால் வாடிக்கையாளர் நேரத்தோடு வருவார். இரண்டு மணி வரை திறந்திருந்தால் இரண்டு மணிக்கும் ஒருவர் வரத்தான் செய்வார். ஊருக்கெல்லாம் நல்லெண்ணெய் விற்றவர், விடியற்காலையில் தம் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைக்க விழித்திருக்க வேண்டாமா?