சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை

அன்பு மருமகனுக்கு,

உன் ஆபீஸ் மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட்டை அம்மா மாமாவுக்கு அனுப்பியிருந்தாள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று போட்டிருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, 6.5 தொட்டால் நோய் என்றே கணக்கு. “நான் ஒல்லிதானே, லேபில் மாற்றிப் போட்டிருப்பார்கள்” என்றாயாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் பார், தப்பில்லை. ஒல்லி என்பதை மட்டும் சாக்காகச் சொல்லாதே.

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் அருகருகே வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் உடம்பு வெளியே ஒல்லியாகத் தெரியும். கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும். அதனால்தான் இங்கே ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். எடை மெஷினை விட்டுவிட்டு, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து ஒருமுறை அளந்து பார்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் உன்னைப்போல முந்தைய படியில் என்று தெரிந்தது. இந்தப் படியில் நிற்பவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அதில் சேர்ந்த 531 பேரும் விளிம்பில் இருந்தவர்கள். பொதுவான யோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களில் அது 39 சதவீதம். கவனித்துப் படி: இவர்கள் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அப்படியும் பலன் கிடைத்தது. இளைக்க இடமில்லாத உனக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

இனி உன் தட்டுக்கு வருவோம். மெஸ்ஸில் மத்தியானம் எப்படிச் சாப்பிடுகிறோம்? சாம்பாருக்கு ஒரு கை சோறு, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை. ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், அதுவும் உருளைக்கிழங்கு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். 100 கிராம் அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. சோறு எதிரி இல்லை, மருமகனே. தட்டில் அது மட்டுமே இருப்பதுதான் தொல்லை. சோற்றை ஒரு சுற்றோடு நிறுத்து. அந்த இடத்தில் அவரை, கொத்தவரை, கீரை என்று இரண்டு மடங்கு பொரியல் கேள், காசு கூடக் கொடுத்தாலும் சரி. முட்டையோ மீனோ சுண்டலோ ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றைத் தொடு. நியூயார்க்கில் 2015-இல் சர்க்கரை உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். அதே சாப்பாடுதான், மாவுப் பண்டத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை தெளிவாகக் குறைந்தது. 11 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் காசு செலவில்லாத காரியம்.

அம்மா உனக்குத் தினமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சத் தொடங்கியிருக்கிறாளாம். கேழ்வரகு நல்ல தானியம், கால்சியம் நிறைந்தது. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கொதிக்கவிட்டுக் குழைத்துக் குடித்தால் வயிற்றில் வேலையே இல்லாமல் கரைந்து, சர்க்கரை மளமளவென்று ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் கிள்ளிப் போட்டு அடை தட்டச் சொல். மென்று தின்பதும் நல்லது, கீரையின் நாரும் கூடச் சேரும். அடையும் மாவுப் பண்டம்தான் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொள்.

காபியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான். பழத்தைக் கடித்துத் தின்னு, ஜூஸ் போடாதே. வாட்ஸ்அப்பில் வரும் வெந்தயம், ஆவாரம்பூ, கறிவேப்பிலை வைத்தியங்களை நம்பி டாக்டரைத் தள்ளிப் போடாதே. அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, போட்டுக்கொள்.

ராத்திரி சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறக்காமல் கால்மணி நேரம் தெருவில் நட. நடக்கிற தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரித்துவிடும். இன்சுலினுக்கும் வேலை குறையும். பத்து மணிக்கு மேல் பரோட்டா ஆர்டர் போடுவதை இந்த மாதமே நிறுத்து.

ஹெச்பிஏ1சி அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே அடுத்த வாரமே ஓடிப்போய்ப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஹெச்பிஏ1சி எடு. அப்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. ஐம்பது தாண்டியும் அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் மாமாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா