மன்னிப்பு வேறு, வாயை மூடிக்கொள்வது வேறு

“ஜெபம் பண்ணிக்கோம்மா, எல்லாம் சரியாயிடும்.” வீங்கின கன்னத்தோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு நம் சபைகளில் கிடைக்கும் ஆறுதல் பல சமயம் இவ்வளவுதான். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேதம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

நம்பிக்கை: மன்னித்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கக் கூடாது.

உண்மை: எழுபது தடவை ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்று இயேசு பேதுருவுக்குச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். மத்தேயு 18-ஆம் அதிகாரம் அது. அதே அதிகாரத்தின் 15 முதல் 17 வரையுள்ள வசனங்களைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தப்புச் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு முன் கொண்டுபோக வேண்டும். இது இயேசு காட்டிய வழி. ‘வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது’ என்பது ஊர் வழக்கமே ஒழிய வசனமில்லை.

அடி, உதை என்று வந்துவிட்டால் விலகியிருப்பது பாவமுமில்லை. உடலுக்கோ மனதுக்கோ பெரும் ஆபத்து என்றால் துணையை விட்டுப் பிரிந்து வாழ கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2016-இல் வெளிவந்த ‘அன்பின் மகிழ்வு’ மடலில் போப் பிரான்சிஸும் இதை வெளிப்படையாகவே எழுதினார். புருஷனை மன்னித்த ஒரு பெண், அவன் திருந்தும்வரை தாய்வீட்டில் இருக்கலாம். பெண்கள் உதவி எண்ணான 181-க்கு போன் செய்யலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். இதில் எதுவும் அவளுடைய மன்னிப்பைப் பொய்யாக்காது.

நம்பிக்கை: கீழ்ப்படிவது மனைவியின் வேலை.

உண்மை: எபேசியர் 5-ஐ 22-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு வசனம் முன்னால் போங்கள்: அங்கே பவுல் எல்லாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறார். கணவனைத் தலை என்கிற அவரே, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியை நேசிக்கவும் அவனுக்குக் கட்டளையிடுகிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வெங்காயம் நறுக்குவது யார்? மனைவியின் ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? இந்த அதிகாரத்தை வாசிக்கிற வீட்டில் இந்தக் கேள்விகளும் எழ வேண்டும்.

நம்பிக்கை: விசுவாசக் குடும்பத்தில் சண்டை வராது.

உண்மை: வரும். மாற்குவை ஊழியத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் முட்டிக்கொண்டு பிரிந்ததை அப்போஸ்தலர் 15 மறைக்கவில்லை. அதே மாற்குவைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்லிப் பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் பவுல்தான். பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5. ஆகவே ராத்திரி குடும்ப ஜெபத்துக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன், மத்தியானம் வீசிய அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் எதிரில் திட்டியிருந்தால், பிள்ளைகள் எதிரிலேயே கேளுங்கள்.