வீட்டிலிருந்தே குரல் கொடுக்க வருகிறவர்களுக்கு

அரை நிமிட விளம்பரத்துக்காக வடபழனியில் ஸ்டூடியோ வாடகை கட்டி, பேசியதை சி.டி.யில் ஏற்றி, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த தலைமுறை எங்களுடையது. உங்களுக்கு இணையம் இருக்கிறது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று சொல்கிறேன்.

1. மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். 2000-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் ஆடாசிட்டி இலவசம். பேசியதை வெட்டி ஒட்ட அது தாராளமாகப் போதும்.

2. மிச்சம் பிடித்ததை அறைக்குச் செலவழியுங்கள். இரைச்சலை நீக்கத்தான் வசதி இருக்கிறதே என்று ஃபேனைச் சுழலவிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த வசதியை அளவுக்கு மீறிப் போட்டால் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். துணி அடைத்த பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே உட்காருங்கள். முதுகுப் பக்கம் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் நிற்கட்டும். பத்து விநாடி வாய் திறக்காமல் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். ஒலிநூல்களுக்கான ஏசிஎக்ஸ் தளம் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நீங்களும் அதையே இலக்காக வையுங்கள். சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டும்தான், வேறு வழியில்லை.

3. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், ஒலி நசுங்கிவிடும். அதே கோப்பை டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 9 எம்பி-கூட வராது. பெரிய வேலையென்றால் கூகுள் டிரைவ் இருக்கிறது, 15 ஜிபி வரை இலவசம்.

4. ரீடேக்தான் நம் காசைத் தின்கிறது. இயக்குநரை கூகுள் மீட்டில் வரச் சொல்லி, அவர் கேட்கக் கேட்கப் பேசுங்கள். இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம் வரை இலவசம். மூன்றாமவர் சேர்ந்தால் 60 நிமிடம்தான். பதிவு உங்கள் கணினியில் நடக்கட்டும். மீட்டில் வரும் ஒலி வேலைக்கு ஆகாது. ஸ்பீக்கர் வேண்டாம், இயர்போன் போடுங்கள். இல்லையென்றால் அவர் குரலும் உங்கள் மைக்கில் ஏறிவிடும். மருந்துப் பெயர், வெளியூர்ப் பெயர் இருந்தால், அதைச் சரியாக உச்சரிப்பவர்கள் பேசும் வீடியோவை முன்பே கேட்டுவையுங்கள்.

5. டெமோவுக்குப் பின்னணி இசை வேண்டவே வேண்டாம். கேட்க வருகிறவர் குரலைத்தான் கேட்க வருகிறார்.

6. மாதிரிக்கு முழு ஸ்கிரிப்டையும் பேசச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்துங்கள். குரலை நகலெடுக்க இன்று சிறு பதிவே போதும். எந்த ஊடகத்தில் பயன்படுத்துவார்கள், எத்தனை மாதத்துக்கு, செயற்கைக் குரல் செய்ய மாட்டோம் என்ற உறுதி, மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சினிமா டப்பிங்குக்காகச் சங்கத்தில் கட்டும் பணம் வேறு. வாய்ப்புத் தருகிறேன் என்று ஜிபேயில் 'பதிவுக் கட்டணம்' கேட்பவர் வேறு. அப்படிக் கேட்டால் பதில்கூடப் போடாமல் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.