கானுக்கு வாய்தான் முதல்

திருகோணமலையில் நாற்பது வருடம் வள்ள இஞ்சின் திருத்திப் பிழைத்தவன் நான். இப்போது பட்டறையை மருமகன் பார்க்கிறான். நான் வாசலில் கதிரை போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவருக்குப் புத்தி சொல்கிறேன். கேட்காதவருக்கும் சொல்கிறேன் என்று வீட்டில் ஒரு முறைப்பாடு இருக்கிறது. போன கிழமை வந்த பொடியன்கள் கேட்டுத்தான் வந்தார்கள். திரியாய், தென்னமரவாடிப் பக்கம் காட்டுப்பாதைகளில் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு பிக்கப்புமாக நாலு நாள் சுற்றப் போகிறார்களாம். "ஐயா, ஒழுகாத கான் எது?" என்றார்கள். அன்று சொன்னதை எழுதி வைக்கிறேன். கடலுக்குப் போகப் பழகுகிற தம்பிமாருக்கும் வயலுக்கு லாண்ட்மாஸ்டர் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதைதான்.

1. கான் தேவையா என்று முதலில் பாருங்கள். இங்கிருந்து புல்மோட்டை 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மோட்டார் சைக்கிள் ராங்கியை நிரப்பினால் போய்த் திரும்பி இன்னொரு தரமும் போகலாம். பிக்கப்புக்கும் வழியில் பெற்றோல் செட் இருக்கிறது. காட்டுக்குள் முதலாம் கியரில் நாள் முழுக்க உருட்டுவதென்றால் மட்டும் கான் எடுங்கள். வள்ளத்தின் கணக்கு வேறு. 15 குதிரைவலு இஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஆறேழு லீற்றர் குடிக்கும், கடலில் செட்டும் கிடையாது.

2. நல்ல கான் எப்படி இருக்கும் என்று தெரிய அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெரிக்கான் என்கிறோமே, ஜெரி என்பது ஜேர்மன்காரனுக்கு ஆங்கிலேயச் சிப்பாய் வைத்த பட்டம். 1937 இல் ஜேர்மனியின் ஷ்வெல்ம் நகரில் மியுல்லர் கம்பனிக்காக வின்சென்ஸ் குருன்ஃபோகல் என்ற பொறியியலாளர் வடித்த 20 லீற்றர்க் கான் அது. ஆங்கிலேயரிடம் அப்போது இருந்தது மெல்லிய தகட்டில் செய்த நாலு கலன் தகரம். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் லொறி குலுங்கக் குலுங்கப் பொருத்து விட்டுப்போய், ஏற்றிய எண்ணெயில் நூற்றுக்கு முப்பது வரை மணல் குடித்ததாகச் சொல்வார்கள். கடைசியில் எதிரியிடம் பிடித்த கானைப் பார்த்தே தாங்களும் செய்தார்கள்.

இதில் நம்மூருக்கு ஒரு வேடிக்கை உண்டு. சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்க் குதங்களைக் கட்டியதும் அதே ஆங்கிலேயர்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தபோது ஒன்று எரிந்து போனது. 99 இன்றைக்கும் நிற்கின்றன. குதத்தை அப்படிக் கட்டியவனுக்கு ஒரு கான் செய்ய வரவில்லை.

ஜேர்மன் கானில் பார்க்க வேண்டியவை: இரண்டு பாதியாக அச்சில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள், ஒட்டு வெளியே துருத்தாமல் உள்ளே பதிந்திருக்கும், அதனால் உரசாது. பக்கத்தில் பெருக்கல் குறி போலப் பள்ளம் இருக்கும், அது தகட்டுக்குப் பலம், எண்ணெய் விரிய இடமும் கொடுக்கும். மேலே மூன்று கைபிடி. வெறுங்கான் என்றால் ஒருவர் ஒரு கையில் இரண்டு தூக்கலாம், நிறைந்த கானை இரண்டு பேர் பகிர்ந்து பிடிக்கலாம். வாய்க்குள் காற்றுப் போக ஒரு சிறு குழாய் இருப்பதால் ஊற்றும்போது குளுக் குளுக் என்று துப்பாது. மூடி, திருகுவது இல்லை. நெம்புபிடியை அமத்தினால் இறுகும்.

3. கான் ஒழுகுவது பெரும்பாலும் உடம்பில் அல்ல, வாயில். பட்டறைக்கு வந்த நூறு கானைப் பார்த்தால் ஓட்டை விழுந்தது ஏழெட்டு இருக்கும், மற்றதெல்லாம் மூடிக் கதைதான். ஆனபடியால் கடையில் கானைத் தட்டிப் பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றி வோஷரைப் பாருங்கள். வோஷர் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் றப்பராக இருக்க வேண்டும். சாதாரண றப்பர் பெற்றோல் பட்டால் ஊறிப் பருத்துக் களியாகும். நம்மவர்கள் செய்கிற முதல் பிழை பழைய ரியூப்பை வெட்டி வோஷர் போடுவது. அன்றைக்குப் பிடிக்கும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் வோஷர் அப்பளம் போல நெளிந்து கிடக்கும். இரண்டாவது பிழை, மூடிக்கடியில் சொப்பின் பையை மடித்து வைத்து இறுக்குவது. அது வாயை மூடுவதில்லை, மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் கொடுக்கிறது. மேலதிகமாக இரண்டு வோஷர் வாங்கி வையுங்கள், ஒரு தேத்தண்ணீர்க் காசுதான்.

அடுத்து மரை. விரலை உள்ளே விட்டுச் சுற்றுங்கள். அச்சில் வழிந்த பிளாஸ்ரிக் பிசிறு நகத்தில் மாட்டினால் அந்தக் கானை வைத்துவிட்டு வாருங்கள். பிசிறுள்ள மரையில் மூடி நேராக இறங்காது, நேராக இறங்காத மூடியை எவ்வளவு பலமாகத் திருகினாலும் பயனில்லை.

4. மரக்கறி எண்ணெய் வந்த மஞ்சள் கான், தண்ணீர்ப் போத்தல் இரண்டும் வேண்டாம். 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற காலத்தில் எல்லாரும் கையில் கிடைத்ததைத்தான் கொண்டுபோனோம், நானும் கொண்டுபோனேன். அவசரத்துக்குச் செய்ததைப் பழக்கமாக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்ரிக் வேறு இனம், மூடியும் எண்ணெய்க்கென்று செய்ததில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது அடர்த்தி கூடிய பொலித்தீன். எண்ணெய்க் கானுக்கு அதுதான் வேண்டும், ஆனாலும் அந்த 2 மட்டும் போதாது, ஷாம்பூ போத்தலிலும் அது இருக்கும். ஆபத்தான திரவம் ஏற்றத் தகுதி சோதித்த கானில் ஐ.நா. முத்திரை பதிந்திருக்கும். பிளாஸ்ரிக் கானுக்கு 3எச்1, இரும்புக் கானுக்கு 3ஏ1. அதன் பின்னால் எக்ஸ், வை, இஸட் என்பதில் ஓரெழுத்து. பெற்றோலுக்கு எக்ஸ் அல்லது வை வேண்டும், இஸட் போதாது. செய்த வருடமும் இருக்கும். பிளாஸ்ரிக் கானில் இப்படியான திரவம் ஏற்ற ஐ.நா. விதி கொடுக்கிற ஆயுள் ஐந்து வருடம். நம் வெயிலில் கிடந்த கானுக்கு அதுவும் கூட. நகத்தால் சுரண்டினால் வெள்ளை மா போல உதிர்கிறதா, அதன் காலம் முடிந்தது.

5. இரும்பா பிளாஸ்ரிக்கா என்று சண்டை பிடிப்பார்கள். காட்டுப்பாதைக்கு இரும்பு, கடலுக்குப் பிளாஸ்ரிக். உப்புக்காற்று இரும்பை வெளியிலிருந்து தின்னும், கானுக்குள் வியர்க்கிற தண்ணீர் உள்ளேயிருந்து தின்னும். அந்தத் துருத்தூள் காபரேட்டருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நீங்கள் எங்களைத் தேடி வருவீர்கள். உள்ளே பூச்சுள்ள கான் என்றால் டோர்ச் அடித்துப் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. வாங்கிய அன்று எண்ணெய் அடிக்காதீர்கள். காலியான கானை இறுக மூடி முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். உள்ளே காற்றுச் சூடேறிக் கான் உப்பும். அந்தச் சூட்டோடு மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் காற்றுப் போகிறது, காற்றுப் போகிற வழியில் பெற்றோல் ஆவியும் போகும். பிறகு கால்வாசி தண்ணீர் விட்டுத் தலைகீழாகக் கடதாசி மேல் ஓர் இரவு. காலையில் கடதாசி காய்ந்திருந்தால் கான் உங்களுடையது. நனைந்திருந்தால் கடைக்காரருடையது, அதற்காகவே பற்றுச்சீட்டை எறியக் கூடாது. பாவிக்க முன் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய வையுங்கள்.

7. கழுத்து வரை நிரப்புவது பேராசை. நிலத்தடி ராங்கியிலிருந்து வருகிற பெற்றோல் குளிர்ந்தது. வெயிலில் 30 பாகை சூடேறினால் 20 லீற்றர் அரை லீற்றருக்கு மேல் விரியும். ஆகவே 19 லீற்றரோடு நிறுத்துங்கள். அடிக்கும்போது கானை வாகனத்திலிருந்து இறக்கி நிலத்தில் வையுங்கள். பிக்கப் தட்டில் பிளாஸ்ரிக் விரிப்பு இருந்தால் கானில் ஏறும் மின்னேற்றம் இறங்க வழியில்லை. ஒரு பொறி போதும். குழாய்வாய் கானின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாக விடச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர் ஹோன் அடித்தால் அடிக்கட்டும்.

8. நிறைந்த கான் இரும்போடு சேர்த்து 19 கிலோ வரும். கயிறு ஒன்றைச் சுற்றிவிட்டு வெருகல் பக்கத்துக் குழிகளில் இறக்கினால் அது உள்ளே நடனமாடும். நிமிர்த்தி வைத்து, அடியில் சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பட்டியால் கட்டுங்கள். வானுக்குள் ஆட்களோடு ஏற்றக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், மேலே போகாது, காலடியில் தேங்கும்.

இங்கே என் சொந்தக் கதை. இளமையில் மீன் ஏற்றிய லொறியில் ரெஜிபோம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கானை வைத்தேன். மூடியில் கசிவு, வழியில் நான் கவனிக்கவில்லை. இறக்கும்போது பெட்டியின் அடி பாகு போல உருகி, ஐசும் மீனும் லொறித் தட்டில் கிடந்தன. பெற்றோல் ரெஜிபோமைக் கரைக்கும் என்பதை நான் படித்தது அன்றைக்குத்தான். மீனுக்குக் காசும் கட்டினேன்.

9. வள்ளத்து ராங்கியின் மூடியில் சிறு காற்றுத் திருகு இருக்கும். ஓடும்போது திறக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போகும்போது மூட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் மறப்பார்கள், இஞ்சின் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும், உடனே பிளக்கைக் கழற்றுவார்கள். மண்ணெண்ணெய் இஞ்சின் என்றால் பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம், ஆகவே இரண்டு கான். இரண்டும் ஒரே நிறத்தில் வேண்டாம். இருட்டில் கைக்குத் தெரிய ஒன்றின் கைபிடியில் கயிறு சுற்றுங்கள்.

10. வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அந்தப் பயம் இன்னும் எங்களுக்குள் இருக்கிறது, அதனால் பதுக்குகிறவரை நான் ஏசமாட்டேன். ஆனாலும் குசினியோடு ஒட்டிய அறையில் பெற்றோல் கான் வைத்திருக்கிற வீட்டில் நான் தேத்தண்ணீர் குடிக்கமாட்டேன். வெளியே, நிழலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

11. வெறுங்கான் நிறைந்த கானை விடப் பொல்லாதது. நிறைந்ததில் எரியக் காற்றில்லை, வெறுங்கானில் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். பெற்றோல் இருந்த இரும்புக் கானை "காலிதானே" என்று வெல்டிங்குக்குக் கொண்டுவருகிறவர்களை நான் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். கழுவியிருக்கிறேன் என்பார்கள். ஒட்டின் மடிப்புக்குள் நிற்பது கழுவப் போகாது. ஒழுகுகிற கானுக்கு மருந்து புதுக் கான்தான். மண்ணெண்ணெய் இருந்த பழைய பிளாஸ்ரிக் கானைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, கைவாளால் குறுக்கே அறுத்து, கைபிடியுள்ள பாதியை வள்ளத்தில் தண்ணீர் இறைக்க எடுங்கள். இரும்புச் சட்டி போல வள்ளத்தின் அடியைச் சுரண்டாது.