கிராபிக்ஸ் நினைவகம்: சொந்தம் எவ்வளவு, இரவல் எவ்வளவு?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கிராபிக்ஸ் எத்தனை ஜி.பி. இருக்கணும்?" என்பதுதான். "அந்த ஜி.பி. எங்கே இருக்குது?" என்று கேட்பவர் மிகச் சிலரே. உண்மையில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

நினைவகம் எதற்கு?

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எங்காவது எழுதி வைக்கப்பட வேண்டும். அந்த இடத்திற்கு ஃபிரேம் பஃபர் என்று பெயர். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட், அதாவது சுமார் 8 எம்.பி. "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் முப்பரிமாண உருவங்களின் வடிவம், அவற்றின் மேல் போர்த்தும் டெக்ஸ்சர் படங்கள், ஆழத்தைக் குறிக்கும் எண்கள் எல்லாம் சேரும்போது எம்.பி. கணக்கு ஜி.பி. கணக்காகி விடுகிறது.

இரண்டு வகை

நம் ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துக் கொள்ளுங்கள். பெஞ்சிலேயே அரமும் சுத்தியலும் இருந்தால் கை நீட்டி எடுக்கலாம். இது டெடிகேட்டட், அதாவது சொந்த நினைவகம். கிராபிக்ஸ் கார்டின் மேலேயே பதிக்கப்பட்டிருக்கும். பெஞ்சில் இல்லாததை ஸ்டோர்ஸுக்கு நடந்து, டோக்கன் கொடுத்து வாங்கி வர வேண்டும். இது ஷேர்டு, அதாவது பகிர்வு நினைவகம். கம்ப்யூட்டரின் பொது ரேமில் இருந்து இரவல் வாங்குவது.

வித்தியாசம் எவ்வளவு? என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 (12 ஜி.பி.) கார்டின் சொந்த நினைவகம் விநாடிக்கு 360 ஜி.பி. தரும். ஆனால் கார்டு பொது ரேமைத் தொட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் போக வேண்டும். நான்காம் தலைமுறையில், 16 லேன் இருந்தாலும், ஒரு திசையில் சுமார் 32 ஜி.பி.தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் எல்லாமே ஸ்டோர்ஸ் சரக்குதான். 1999-ல் வந்த இன்டெல் 810 சிப்செட் இந்த முறையில் அமைந்ததே. இங்கே ரேமின் வேகமே கிராபிக்ஸின் வேகம். டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒரே ஸ்டிக் என்றால் 25.6 ஜி.பி.; இரண்டு சேனலில் இரண்டு ஸ்டிக் என்றால் 51.2 ஜி.பி. அதிலும் பிராசஸருக்குப் பங்கு உண்டு.

பகிர்வே கெடுதல் என்று எண்ண வேண்டாம். 2021-ல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 மேக்ஸ் சிப்பில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம்தான். ஆனால் அதன் வேகம் 400 ஜி.பி. ஆக, பாதையின் அகலமே விஷயம்.

கடையில் நடப்பது

மெக்கானிக்கல் பிரிவுத் தம்பி ஒருவருக்கு, அவர் அப்பா நகையை அடகு வைத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். "10 ஜி.பி. கிராபிக்ஸ் தம்பி!" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பெரிய அசெம்பிளி டிராயிங்கைத் திருப்பினால் படம் விக்கி விக்கி நகர்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன்: சொந்தம் 2 ஜி.பி., பகிர்வு 8 ஜி.பி. கடைக்காரர் இரண்டையும் கூட்டிச் சொல்லிவிட்டார்! 16 ஜி.பி. ரேம் இருந்தால் அதில் ஏறக்குறைய பாதியைப் பகிர்வு என்று விண்டோஸ் காட்டும். அது உச்சவரம்புதானே தவிர, ஒதுக்கி வைத்த இடம் அல்ல. டிராயிங் 2 ஜி.பி.யைத் தாண்டியதும் மிச்சம் ஸ்டோர்ஸுக்குப் போய்விட்டது. அதனால்தான் அந்த விக்கல்.

எனவே நண்பர்களே, பணம் கொடுக்குமுன் மூன்று கேளுங்கள்: டெடிகேட்டட் மட்டும் எவ்வளவு? ரேம் ஒரு ஸ்டிக்கா, இரண்டா? பிறகு ரேம் கூட்ட ஸ்லாட் இருக்கா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜி.பி.யு. என்பதைத் தொட்டால் இரண்டு எண்களும் தனித்தனியே தெரியும். பெற்றோர் கொடுக்கும் பணத்துக்கு அந்த இரண்டு நிமிடப் பரிசோதனை நாம் செய்ய வேண்டிய கடமை.